பூரே நடனமும் அதன் இசையும் எங்கிருந்து வந்தன?

பிரான்சின் நடுப்பகுதியில், அணைந்துபோன எரிமலைகள் புல் போர்த்தி நிற்கும் மேட்டுநிலம் ஒன்று உண்டு. ஓவெர்ன் என்பது அதன் பெயர். மாடு வளர்ப்பும் பாலாடைக்கட்டியும் கடுங்குளிரும் கொண்ட அந்த மலைநாட்டிலும், அதை ஒட்டிய லிமூசேன், ஓப்ராக், பூர்போனே, பெர்ரி ஆகிய பகுதிகளிலும் சில நூற்றாண்டுகளாக மக்கள் ஆடிவரும் நடனம் ‘பூரே’ எனப்படுகிறது. மேற்கத்திய செவ்வியல் இசை கேட்பவர்கள் இந்தச் சொல்லை யோஹான் செபாஸ்டியன் பாக்கின் இசைத் தொகுப்புகளில் ஒரு பகுதியின் தலைப்பாகப் பார்த்திருப்பார்கள். பாலே பயின்றவர்கள் ‘பா த பூரே’ என்னும் அடவின் பெயராக அறிந்திருப்பார்கள். குடியானவர்கள் களஞ்சியத் தரையில் ஆடிய நடனத்தின் பெயர் அரண்மனை வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது, பெயர் மட்டும்தான் போனதா, ஆட்டமும் சேர்ந்து போனதா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நாட்டார் கலைகளின் ‘தோற்றம்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் விஷயம் உண்மையில் எவ்வாறு இருக்கும் என்பது நன்றாகப் புலப்படும்.

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். கை கோப்பதில்லை, இடையைப் பற்றுவதுமில்லை. மெட்டின் முதல் பகுதியில் ஒருவரை நோக்கி ஒருவர் முன்னேறி, நெருங்கியதும் பின்வாங்குகிறார்கள். இரண்டாம் பகுதி வந்ததும் தோள் உரசிவிடும் அளவுக்கு அருகில் ஒருவரையொருவர் கடந்து, இடம் மாறி, திரும்பி நின்று மீண்டும் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். உடல் விலகினாலும் பார்வை விலகுவதில்லை. ஆணும் பெண்ணும் ஆடும்போது இது ஊடலும் கூடலுமாகத் தெரியும். இரண்டு ஆண்கள் ஆடும்போது சண்டைக்கு அறைகூவும் சேவல்களைப் போலத் தெரியும். மலைப்பகுதிகளில் ஆண்கள் மட்டுமே ஆடும் பூரேக்களும் உண்டு. நால்வர் சதுரமாக நின்று ஆடும் வகையும் இருக்கிறது. பெர்ரியில் ஆண்கள் ஒரு வரிசையாகவும் பெண்கள் எதிர்வரிசையாகவும் நிற்க, வரிசை முழுவதும் ஒன்றாக முன்னேறிப் பின்வாங்கி, ஒன்றாகக் கடந்து செல்லும்.

அடவை விளக்கத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட எழுந்து நின்று செய்து பார்ப்பதே எளிது. இடது, வலது, இடது என்று மூன்று முறை கால் மாற்றி ஊன்றுங்கள். அடுத்த சுற்றை வலதில் தொடங்கி, வலது, இடது, வலது என்று முடியுங்கள். மூன்று ஒற்றைப்படை எண் ஆகையால், ஒவ்வொரு சுற்றிலும் தொடங்கும் கால் தானாகவே மாறிக்கொண்டிருக்கும். முழங்காலை விறைப்பாக வைக்காமல், பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் உயர்த்தாமல் இதையே தொடர்ந்து செய்தால், உடல் மெல்ல இருபுறமும் அசையத் தொடங்குவதை உணரலாம். பூரே ஆடுபவரின் நடையில் தெரியும் அந்த அசைவு, தனியாகக் கற்றுக்கொடுத்து வருவதன்று. இந்த மூன்று அடிகளின் கணக்கிலிருந்தே பிறப்பது.

இந்த இடத்தில்தான் பூரேயின் இரண்டு பெரும் வகைகள் பிரிகின்றன. தெற்கே ஓவெர்ன் மலைகளில் ஆடப்படும் பூரே மூன்று தட்டுகள் கொண்டது. தட்டுக்கு ஓர் அடி என்று கால் ஊன்றினால், ‘தகிட தகிட’ என்ற திஸ்ர நடை கிடைத்துவிடும். வடக்கே பெர்ரியிலும் பூர்போனேயிலும் ஆடப்படுவது பெரும்பாலும் இரண்டு தட்டு பூரே. அங்கும் அடிகள் மூன்றுதான். ஆனால் இரண்டு தட்டுகளுக்குள் மூன்று அடிகளை அடக்க வேண்டியிருப்பதால், முதல் இரண்டையும் விரைவாகவும் மூன்றாவதைச் சற்று நீட்டியும் ஊன்றுகிறார்கள்; அது ‘தக தா, தக தா’ என்று ஒலிக்கும். ஆக, கால் செய்வது ஒன்றே. அதைக் காலத்தில் எப்படிப் பங்கிடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. பூரே என்ற ஒரே பெயரில் இரண்டு தாளங்கள் இருப்பதைக் கண்டு குழம்பும் புதியவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும் என்று நினைக்கிறேன்.

மெட்டுகள் மிகச் சிறியவை. இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை இசைக்கப்படும், பிறகு முதலிலிருந்து தொடங்கும். ஒரே மெட்டை ஐந்து நிமிடம் தொடர்ந்து வாசிக்க நேரும் கலைஞர், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அசைவை மாற்றியோ ஒரு சுரத்தை அழுத்தியோ அதற்குப் புத்துயிர் ஊட்டுவார். வாத்தியம் இல்லாத வீடுகளில் வாயாலேயே பாடி ஆடினார்கள். ஆட்டிடையர்களையும் மலை மேய்ச்சல் நிலங்களையும் காதலையும் பற்றி, தென் பிரான்சின் வட்டார மொழியான ஒக்ஸித்தானில் அமைந்த ஈரடிப் பாடல்கள் அவை. சொற்கள் தீர்ந்தால், பொருளற்ற அசைகளைச் சேர்த்து மெட்டை நகர்த்தினார்கள்.

இந்த இசையின் வியப்பூட்டும் பண்பு, ஊர்க் கூடல்களில் தாளத்துக்கெனத் தனியாக ஒரு வாத்தியம் பெரும்பாலும் இல்லாமல் இருந்தது. தாளம் இல்லாமல் இல்லை. அதைத் தரும் பொறுப்பு வேறு இடங்களில் பகிர்ந்திருந்தது. ஆடுபவர்கள் அணிந்த மரக்காலணிகள் பலகைத் தரையில் மோதி ஒலித்தன. மலைக் கிராமங்களின் வயலின் கலைஞர்கள் நாற்காலியில் அமர்ந்து, வில்லை இழுத்துக்கொண்டே இரு பாதங்களாலும் தரையைத் தட்டினார்கள். கப்ரெத் என்னும் பைக்குழலை வாசித்தவர்கள் கணுக்காலில் சலங்கை கட்டிக்கொண்டு காலால் தாளம் போட்டார்கள். கப்ரெத் என்பதற்குச் சிறிய ஆடு என்று பொருள். அதன் பை ஆட்டுத்தோலால் ஆனதால் வந்த பெயர். வாயால் ஊதுவதற்குப் பதிலாக ஒரு கை முழங்கையின் கீழ் சிறு துருத்தியைப் பொருத்தி, கையை அசைத்தே பைக்குள் காற்றை நிரப்புவார்கள். வாய் ஓய்வாக இருப்பதால், வாசிப்பவரே நடுவில் பாடவும் ஆடுபவர்களுக்கு உரத்துக் குரல் கொடுக்கவும் முடிந்தது.

எல்லாவற்றையும்விட நுட்பமானது, பெர்ரியிலும் பூர்போனேயிலும் செல்வாக்குப் பெற்ற வியேல் என்னும் சக்கர வாத்தியம். மடியில் வைத்துக்கொள்ளும் ஒரு மரப்பெட்டி. அதன் ஒரு முனையில் கைப்பிடி. கைப்பிடியை வலது கையால் சுழற்றினால் உள்ளே இருக்கும் மரச்சக்கரம் சுழலும். குங்கிலியம் பூசிய அதன் விளிம்பு, முடிவில்லாத வில்லைப் போல நரம்புகளை உரசிக்கொண்டே இருக்கும். இடது கை, வரிசையாக இருக்கும் கட்டைகளை அழுத்தி மெட்டை எழுப்பும். வேறு சில நரம்புகள் மாறாத சுருதியாக ஒலித்துக்கொண்டிருக்கும். அவற்றில் ஒரு நரம்பு மட்டும் ‘நாய்’ என்று அழைக்கப்படும் ஒரு சிறு குதிரைக்கட்டையின் மேல் செல்கிறது. அந்தக் கட்டையின் ஒரு கால்தான் ஊன்றியிருக்கும். மற்றொன்று பலகையைத் தொட்டும் தொடாமலும் தளர்ந்து நிற்கும். சீராகச் சுழற்றும்போது நாய் அமைதியாக இருக்கும். மணிக்கட்டை ஓரிடத்தில் சுண்டினால், அந்தத் தளர்ந்த கால் அதிர்ந்து பலகையில் மோதி, ‘ர்ர்ர்’ என்று உறுமும். எந்தத் தட்டில் உறும வேண்டும், எதில் அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வாசிப்பவரின் மணிக்கட்டு. சுருதியும் மெட்டும் தாளமும் ஒரே ஆளின் இரண்டு கைகளிலிருந்து வருவதால், ஒரு திருமண வீட்டின் கூட்டம் முழுவதையும் ஆடவைக்க ஒரே கலைஞர் போதுமானவராக இருந்தார்.

இனி, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருவோம். ரோமானியர்களுக்கு முன் அந்த மண்ணில் வாழ்ந்த ‘கால்’ (Gaul) என்னும் பழைய இனத்தாரிடமிருந்தே பூரே வந்தது என்று எழுதியவர்கள் உண்டு. தங்கள் மலைநாட்டின் மீது கொண்ட பற்றால் அவர்கள் அவ்வாறு நம்பியிருக்கலாம். ஆனால் அதற்குச் சான்று எதுவும் இல்லை. ‘பூரே’ என்ற சொல்லுக்குப் பிரெஞ்சில் சுள்ளிக்கட்டு என்றும் ஒரு பொருள் உண்டு. அதனால் சுள்ளிகளைக் கொளுத்தி, நெருப்பைச் சுற்றி ஆடியதால் இந்தப் பெயர் வந்தது என்ற விளக்கமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அழகான விளக்கம்தான். ஆனால் சொல் ஒத்துப்போவதை வைத்து ஒரு வழக்கத்தை ஊகித்துவிட முடியாது. அதிலும், இருவர் எதிரெதிரே நின்று ஆடும் ஆட்டத்தில் வட்டமும் இல்லை, நடுவில் நெருப்பும் இல்லை.

ஏடுகளில் கிடைக்கும் தடயங்கள் வேறு கதையைச் சொல்கின்றன. துவானோ ஆர்போ என்ற புனைபெயரில் லாங்கர் நகரத்துப் பாதிரியார் ஒருவர் 1589-இல் வெளியிட்ட நடன நூல், அக்காலத்தில் பிரான்சில் ஆடப்பட்ட ஆட்டங்களை மெட்டோடும் அடவோடும் விளக்குவது. கைகோத்து வட்டமாக ஆடும் ‘பிரான்ல்’ வகைகள் பலவற்றை அது விவரிக்கிறது. பூரே அதில் இல்லை. ஜெர்மனியில் மிக்கேல் பிரிட்டோரியஸ், பிரெஞ்சு நடன ஆசிரியர்களிடமிருந்து வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட நடன மெட்டுகளைத் தொகுத்து 1612-இல் வெளியிட்டபோது, அவற்றுள் பூரே இடம்பெற்றுவிட்டது. இதை வைத்து, பூரே அந்த இருபத்து மூன்று ஆண்டுகளுக்குள் பிறந்தது என்று சொல்லிவிடக் கூடாது. லாங்கர் நகரம் ஓவெர்னுக்கு வெகு தொலைவில் இருப்பது. மலைநாட்டு ஆட்டங்கள் அனைத்தையும் அந்தப் பாதிரியார் அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெயர் கற்றவர்களின் காதுக்கு எட்டிவிட்டது என்பது மட்டுமே உறுதி.

மலைமக்கள் ஆடியதை நேரில் கண்டு எழுதிய இருவர் அதே நூற்றாண்டில் கிடைக்கிறார்கள். 1665-இல் ஓவெர்னின் கிளெர்மோன் நகரில் மன்னரின் சிறப்பு நீதிமன்றம் கூடியபோது அங்கே சென்றிருந்த பிளேஷியே என்னும் இளம் பாதிரியார், உள்ளூர் மக்களின் பூரேயைப் பற்றியும், அதைவிடத் துணிச்சலான மற்றோர் ஆட்டத்தைப் பற்றியும், கண்ணை எடுக்க முடியாத ஆர்வமும் முகச்சுளிப்பும் கலந்து எழுதிவைத்திருக்கிறார். 1676-இல், மூட்டுவலிக்கு விஷி நகரத்து வெந்நீர் ஊற்றுகளில் சிகிச்சை பெற வந்த செவிஞே சீமாட்டியிடம் அந்த முகச்சுளிப்பு இல்லை. தன் மகளுக்கு எழுதிய கடிதங்களில், குடியானவர்களும் குடியானவப் பெண்களும் ஆடும் பூரேயைக் கண்டு மெய்ம்மறந்து பேசுகிறார். அவர்களுடைய கால்களின் இலகுவையும் தாளம் பிசகாத காதையும் புகழ்கிறார். நல்ல நடனத் தேர்ச்சியுள்ள மகள் இதைக் காண உடன் இல்லையே என்று வருந்துகிறார். மாலைதோறும் சிறு செலவில் ஒரு வயலின் கலைஞரையும், சலங்கைத் தகடுகள் கோத்த கைப்பறை வாசிப்பவர் ஒருவரையும் அமர்த்தி, அவர்களை ஆடவைத்துப் பார்த்ததாகவும் சொல்கிறார். சக்கர வாத்தியத்தையும் பைக்குழலையும் மட்டுமே பூரேயின் ‘அசல்’ வாத்தியங்களாக எண்ணுபவர்கள் இந்தக் கடிதத்தை நினைவில் கொள்ள வேண்டும். மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே விஷியில் அது வயலினுக்கு ஆடப்பட்டிருக்கிறது.

அந்தச் சமயத்தில் பதினான்காம் லூயியின் அரண்மனையிலும் பூரே இருந்தது. இசையமைப்பாளர் லுல்லி தம் மேடைப் படைப்புகளில் பூரே மெட்டுகளை அமைத்தார். 1700-இல் ராவுல் ஓழே ஃபெய்யே என்பவர் அடவுகளைக் கோடுகளாலும் குறிகளாலும் தாளில் வரையும் முறையை வெளியிட்டதும், அரண்மனைப் பூரேக்களும் அந்த முறையில் பதிவாகின. அங்கிருந்து அது ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் கைக்குப் போனது. பாக்கின் மூன்றாம், நான்காம் செல்லோ தொகுப்புகளில் பூரே உண்டு. லூட் என்னும் நரம்பு வாத்தியத்துக்கான அவருடைய ஈ மைனர் தொகுப்பில் வரும் பூரே இன்று கிட்டார் பயிலும் மாணவர்கள் உலகெங்கும் வாசிக்கும் பாடமாகிவிட்டது. இவை ஆடுவதற்காக எழுதப்பட்டவை அல்ல, கேட்பதற்காக எழுதப்பட்டவை.

அரண்மனைப் பூரே எப்போதும் இரண்டு தட்டில் அமைந்தது. முதல் தட்டுக்கு முன்னால் ஓர் எடுப்பு சுரம் இருக்கும். ஓவெர்ன் மலைகளின் பூரேயோ மூன்று தட்டு. ஆகவே, மலைநாட்டு ஆட்டம் மெருகேறி அரண்மனை நடனமாயிற்று என்று பல அறிமுக நூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுவது என் மனத்துக்கு ஒப்பவில்லை. அரண்மனை வகையின் தாளம் வடபகுதியின் இரண்டு தட்டு பூரேயோடுதான் பொருந்துகிறது. செவிஞே சீமாட்டி ஆட்டத்தைக் கண்ட விஷியும் அந்த வடபகுதியைச் சேர்ந்ததே. ஒருவேளை அங்கிருந்து ஏதோ ஒன்று பாரிசுக்குப் போயிருக்கலாம். நடன ஆசிரியர்களும் ஊர் ஊராகச் சுற்றிய வயலின் கலைஞர்களும் அரண்மனையிலிருந்து சிலவற்றைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்திருக்கவும் கூடும். ஒரு பக்கம் மட்டுமே கொடுத்தது, மறுபக்கம் மட்டுமே பெற்றது என்று கருத இடமில்லை.

இந்தப் போக்குவரத்தை வாத்தியங்களில் கண்கூடாகக் காணலாம். நீண்ட காலம் பிச்சைக்காரர்களின் வாத்தியமாகக் கருதப்பட்ட வியேல், 18-ஆம் நூற்றாண்டில் மேய்ச்சல் வாழ்க்கையின் மீது சீமாட்டிகளுக்கு ஏற்பட்ட மோகத்தால் வெர்சாய் அரண்மனைக்குள் நுழைந்தது. பாரிசின் வாத்தியக் கைவினைஞர்கள் கிட்டார், லூட் ஆகியவற்றின் உடலமைப்பைக் கொடுத்து அதைச் செம்மைப்படுத்தினார்கள். புரட்சிக் காலத்தில் சீமாட்டிகளின் மோகம் தணிந்தது. ஆனால் செம்மையான அந்த வடிவம் மறைந்துவிடவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூர்போனேயின் ழான்ஸா என்ற சிற்றூரில் பாழோ குடும்பத்தார் வியேல் செய்யும் பட்டறையைத் தொடங்கினார்கள். பாரிசு மாதிரியை ஒட்டி அந்த ஊரில் உருவான வாத்தியங்களே 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் பெர்ரி, பூர்போனே குடியானவர்களின் திருமணங்களில் ஒலித்தன. குடியானவர்களின் வாத்தியம் அரண்மனைக்குப் போய், வேறு உருவத்தோடு குடியானவர்களிடமே திரும்பிவந்தது.

மெட்டுகள் எழுத்துக்கு வந்தது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில்தான். எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் பெர்ரியில் உள்ள நோஆன் கிராமத்தில் தம் வீட்டில் உள்ளூர்க் கலைஞர்களை வாசிக்கச் செய்தார். அங்கே கோடைக்காலங்களைக் கழித்த இசைமேதை ஷோப்பான் அந்த பூரேக்களைக் குறித்துக்கொள்ள முயன்றார். ஷோப்பானின் கையில் வந்த இரண்டு பூரே மெட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அந்தப் பைக்குழல் கலைஞர்களின் உலகத்தையே களமாகக் கொண்டு சாண்ட் 1853-இல் ஒரு நாவலும் எழுதினார். 1852-இல் கல்வி அமைச்சர் ஃபோர்த்தூல், நாடெங்கும் நாட்டார் பாடல்களைத் திரட்ட ஆணை பிறப்பித்தார். சுரக்குறிகளாகத் தாளில் ஏறிய மெட்டில், மணிக்கட்டின் சுண்டலும் காலணியின் ஒலியும் இடம்பெறுவதில்லை. அந்த ஏடுகளை மட்டும் பார்த்து பூரேயை வாசிப்பவர் சரியான சுரங்களை வாசிப்பார். ஆனால் ஒருவரும் எழுந்து ஆடமாட்டார்கள்.

பிறகு பூரே பிழைப்புத் தேடிப் பாரிசுக்குப் போயிற்று. மலையில் நிலம் போதாமல் 19-ஆம் நூற்றாண்டில் ஓவெர்ன் மக்கள் பெருந்திரளாகத் தலைநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். தொடக்கத்தில் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஒரு மூலையில் ஒயினும் ஊற்றிக் கொடுத்தார்கள். பஸ்தீய் சதுக்கத்தை அடுத்த லாப் தெரு அவர்களுடைய பேட்டையாக இருந்தது. வாரம் முழுவதும் கரிமூட்டை தூக்கியவர்கள் ஓய்வுநாளில் கடையின் பின்கட்டில் கூடி, கணுக்காலில் சலங்கை கட்டிய கப்ரெத் கலைஞரின் இசைக்கு பூரே ஆடினார்கள். பைக்குழலுக்கு ‘முசெத்’ என்றும் பெயர் உண்டு. அதனால் இந்தக் கூடல்கள் ‘பால் முசெத்’, அதாவது பைக்குழல் நடனக்கூடம், என்று அழைக்கப்பட்டன. அதே பேட்டையில் இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளர்களும் குடியிருந்தார்கள். அவர்கள் கையில் அக்கார்டியன் இருந்தது. இரு தரப்புக்கும் தொடக்கத்தில் மனக்கசப்பு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லாப் தெருவில் புகழ்பெற்றிருந்த கப்ரெத் கலைஞர் அந்துவான் பூஸ்காத்தெல், இத்தாலியக் குடும்பத்தைச் சேர்ந்த அக்கார்டியன் கலைஞர் சார்ல் பெகுரியைத் தம் கூடத்தில் சேர்த்துக்கொண்டார். பெகுரி பிறகு அவருடைய மருமகனாகவும் ஆனார். அக்கார்டியன் வால்ட்ஸையும் பிற இணைநடனங்களையும் எளிதாக வாசித்தது. நாளடைவில் பைக்குழல் ஓரங்கட்டப்பட்டது. இன்று ‘முசெத்’ என்றால் உலகம் பாரிசின் அக்கார்டியன் இசையைத்தான் நினைக்கிறது. பைக்குழல் போய்விட்டது, அதன் பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான்.

ஊரில் இருந்தவர்களுக்கும் காலம் மாறியது. கோடையில் ஊர் திரும்பிய குடிபெயர்ந்தோர் பாரிசின் புதிய நடனங்களைக் கொண்டுவந்தார்கள். முதல் உலகப்போர் ஆடும் வயதினரில் ஒரு தலைமுறையைக் கொண்டுபோயிற்று. ஓவெர்னில் வேர்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஜோசப் காந்தலூப் 1920-கள் முதல் தம் மூதாதையர் மண்ணின் பாடல்களைப் பாடகிக்கும் வாத்தியக் குழுவுக்கும் உரியவையாக அமைத்து வெளியிட்டார். பூரேக்கள் பல அவ்வாறு அரங்குகளில் ஒலித்தன. 1960-களில் ஓப்ராக் மேட்டுநிலத்தை ஆராய வந்த அறிஞர் குழு, அப்போதும் பூரே ஆடத் தெரிந்திருந்த முதியவர்களின் ஆட்டத்தைப் படச்சுருளில் பதிவுசெய்தது. அடுத்த பத்தாண்டில் நாட்டார் இசையைத் தேடிச் சென்ற இளைஞர்கள், ஒலிப்பதிவுக் கருவிகளோடு அந்த முதியவர்களின் சமையலறைகளில் போய் அமர்ந்தார்கள். 1976-இல் பெர்ரியின் சேன் சார்த்தியே கிராமத்தில் வியேலும் பைக்குழலும் செய்யும் கைவினைஞர்களின் விழா தொடங்கியது.

பூர்போனேயில் ழென்னெத்தீன் என்ற சிற்றூரில் 1990 முதல் கோடைதோறும் ஒரு பெரும் நடனவிழா நடக்கிறது. வயல்வெளியில் கூடாரங்களை எழுப்பி, உள்ளே மரப்பலகைத் தளங்களை அமைக்கிறார்கள். பல நாடுகளிலிருந்து வருபவர்கள் பகலில் பட்டறைகளில் அடவு பயில்கிறார்கள். இரவு முழுவதும் ஆடுகிறார்கள். மூன்று தட்டு பூரே தொடங்கினால் மேடையில் பெரும்பாலும் மேளம் இருக்காது. இரண்டாம் பகுதி வந்து, எதிரெதிரே நிற்பவர்கள் ஒருவரையொருவர் கடக்கும் அந்தக் கணத்தில், நூற்றுக்கணக்கான பாதங்கள் ஒரே சமயத்தில் பலகையில் விழும் ஓசை கூடாரத்துக்கு வெளியேயும் கேட்கும்.